சோபா மெஷின்: வாட்ஸ் வேறு, இழுவை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளித் தள்ளுபடி விளம்பரங்களோடு வந்த உங்கள் இணைப்பில், தண்ணீரைத் தெளித்து அழுக்கோடு திரும்ப உறிஞ்சும், கையில் தூக்கிப்போகும் சோபா கிளீனிங் மெஷின்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். வாட்ஸ் கூடினால் இழுவையும், அதாவது உறிஞ்சும் திறனும், கூடும் என்கிற மாதிரி அதில் எழுதியிருந்தது. வேளச்சேரி பக்கம் வீடு வீடாகப் போய் சோபா, மெத்தை, கார் சீட் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ் என்பது மோட்டார் எடுக்கிற மின்சக்தியின் அளவு. அதில் எவ்வளவு சோபாவரை போய்ச் சேருகிறது என்பது உள்ளே இருக்கும் விசிறி, ஓஸ், டேங்க் வாஷர் எல்லாவற்றையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1600 வாட்ஸ் என்று உச்சவரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதை 900 ஆகக் குறைத்தார்கள். கூடவே, தூசி குறைந்தபட்சம் இவ்வளவாவது எடுத்தாக வேண்டும் என்றும் விதித்தார்கள். ஈரம் இழுக்கும் மெஷின்கள் அந்த விதியில் வராது. ஆனாலும் வாட்ஸைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

வாட்ஸை விட்டால் அடுத்து பெட்டியில் பெரிதாகப் போடுவது கேபிஏ, அதாவது கிலோபாஸ்கல் என்கிற இழுவை அழுத்தத்தின் அளவு. பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. அது ஓஸின் வாயை முழுக்க அடைத்து, காற்றே போகாதபோது எடுத்த அளவு. 15 கேபிஏ என்றால் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும். நிறுத்தும், அவ்வளவுதான். ஃபோமுக்குள் இருக்கும் அழுக்குத் தண்ணீர் துளித்துளியாகப் பிரிந்து ஓஸ் வழியாக டேங்குக்கு ஓட வேண்டும் என்றால் காற்றும் கூடவே ஓட வேண்டும். வாயை முழுக்கத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், இழுவை இருக்காது. முழுக்க அடைத்தால் இழுவை உச்சத்தில் இருக்கும், காற்று இருக்காது. சோபா வேலை நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். ஆகவே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று போகிறது என்ற எண்ணும் வேண்டும். அதைப் பல பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது.

கடையில் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். ஓஸ் வாயில் உள்ளங்கையை வைத்து அடைத்ததும் மோட்டார் 'ங்ஙீ' என்று குரல் உயர்த்தும். "பவரைப் பார்த்தீங்களா சார்!" என்பார் விற்பனையாளர். காற்றைத் தள்ளும் வேலை குறைந்துபோனதால் விசிறி இலேசாகி வேகமாகச் சுற்றுகிற சத்தம் அது. பவர் கூடியதற்கான அடையாளம் இல்லை.

நல்ல மெஷினையும் பாழாக்கும் காரியங்கள் உண்டு. அழுக்குத் தண்ணீர் டேங்கின் வாஷரில் ஒரு நாய் முடி குறுக்கே கிடந்தாலே அந்த வழியாகக் காற்று கசியும். துணி துவைக்கிற பவுடரைக் கை நிறைய போட்டால் டேங்கில் நுரை பொங்கி, டேங்க் நிறைந்தால் காற்று வழியை அடைப்பதற்காக இருக்கும் மிதவையைத் தூக்கிவிடும். மிதவை வழியை அடைத்ததும் இழுவை சட்டென்று நின்றுபோகும். மெஷின் போச்சு என்று எனக்கு போன் செய்பவர்களில் பலருக்குக் கோளாறு இந்த நுரைதான். மெல்லிசு எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டினாலும் வோல்டேஜ் இறங்கி மோட்டார் தளரும்.

இழுவை குறைந்தால் தண்ணீர் ஃபோமிலேயே தங்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அது காய்வதற்குள் நாற்றம் பிடித்துவிடும். அடியில் இருக்கும் பிளைவுட் ஊதிப்போகும். சோப்பும் உள்ளேயே தங்குவதால் சீக்கிரமே மறுபடி அழுக்கு ஒட்டும்.

அடுத்த முறை மெஷின்களை ஒப்பிட்டு எழுதும்போது இப்படிச் செய்து பாருங்களேன். ஒரே மாதிரி குஷன் துண்டுகளில் கால் லிட்டர் தண்ணீரை ஊற்றி, தண்ணீர் தெளிக்கும் ட்ரிக்கரைத் தொடாமல், ஒவ்வொரு மெஷினாலும் ஒரே நேரம், ஒரே நிதானத்தில் இழுங்கள். அழுக்கு டேங்கில் எத்தனை மில்லி திரும்பி வந்தது என்று மட்டும் போடுங்கள். ஓஸுக்குள் கொஞ்சம் தங்கும். அணைக்கும் முன் அதைத் தூக்கிப் பிடித்து இறக்கிவிட வேண்டும். மெஷினை வாங்கப்போகிறவர்கள் கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு இதையே செய்து காட்டச் சொல்லலாம். மாட்டேன் என்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
சோபா கிளீனிங் தொழில் செய்யும் வாசகர்,
வேளச்சேரி, சென்னை.