ஒரு லட்சம் பேர் கூடியும் கவர்னர் எப்படி ஜெயிச்சாரு: மேடிசன்ல இருந்து அக்காவுக்கு

மேடிசன், விஸ்கான்சின்
ஜூன் 10, 2012

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். அங்க நீ, அத்தான், அம்மா, பசங்க எல்லாரும் சௌக்கியம்தானே. போன்ல நீ கேட்டியே, "அவ்ளோ கூட்டம் கூடுச்சு, டிவியில நாங்களே பார்த்தோம், அப்புறம் எப்படிடி அந்த ஆளு ஜெயிச்சான்"னு, அதுக்கு அன்னிக்கே பதில் சொல்லலாம்னா காலிங் கார்டு தீர்ந்துபோச்சு, அதோட இது போன்ல சொல்லி முடியற கதையும் இல்ல. கவர்னர நடுவுலயே எறக்கறதுக்கு வெச்ச தேர்தல்ல அவரே ஜெயிச்சுட்டாருன்னு தெரிஞ்ச செவ்வாய்க்கிழமை ராத்திரியில இருந்து இந்த ஊரே இதத்தான் ஒருத்தர ஒருத்தர் கேட்டுட்டு இருக்கு. நீ டீச்சர், சங்கத்துலயும் இருக்க, உனக்காவது முழுசா எழுதணும்னு பாப்பா தூங்கினதும் உக்காந்துட்டேன்.

கவர்னர்னதும் கிண்டி ராஜ்பவன்ல இருக்கறவர நெனச்சுக்காத. இங்க கவர்னர் ஜனங்க ஓட்டு போட்டு வர்றவர், நம்ம முதலமைச்சர் வேலையெல்லாம் அவருதான் பார்ப்பாரு. ஸ்காட் வாக்கர், ரிபப்ளிகன் கட்சி, 2010 நவம்பர்ல ஜெயிச்சு 2011 ஜனவரி 3-ம் தேதி வந்து உக்காந்தாரு. உக்கார்றதுக்கு முன்னாடியே மேடிசனுக்கும் மில்வாக்கிக்கும் ரயில் விட மத்திய அரசு ஒதுக்கின 81 கோடி டாலர் வேணவே வேணாம்னுட்டாரு (எனக்கு ஹைவேல கார் ஓட்ட எவ்ளோ பயம்னு உனக்குத் தெரியும், அந்த ரயில் வந்திருந்தா நான் யாரையும் கெஞ்சாம நானே போய் வந்திருப்பேன்). ஆனா அதுக்கெல்லாம் யாரும் தெருவுக்கு வரல.

தெருவுக்கு வர வெச்சது பிப்ரவரி 11-ம் தேதி அவர் கொண்டுவந்த மசோதா. நடப்பு வருஷத்துலயே 13.7 கோடி டாலர் துண்டு விழுது, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு 360 கோடி துண்டு விழப்போகுது, அதனால அரசு ஊழியர்களும் டீச்சர்களும் இனிமே பென்ஷனுக்கு சம்பளத்துல 5.8 சதவீதம் கட்டணும், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துல 12.6 சதவீதம் கட்டணும்னாரு. வருஷத்துக்கு 50,000 டாலர் வாங்கற டீச்சருக்கு பென்ஷன் வகையில மட்டும் 2,900 டாலர் போயிடும். வலிக்கும்தான், ஆனா ஒன்னு சொல்றேன் கேளு, சங்கத் தலைவர்கள் ஒரே வாரத்துல அதுக்கு சரின்னுட்டாங்க. பணம் எடுத்துக்கோங்க, மிச்சத்த விட்டுடுங்கன்னாங்க. அவர் மாட்டேன்னுட்டாரு. அப்பதான் எல்லாருக்கும் வெளங்குச்சு, குறி பணத்துமேல இல்ல, சங்கத்துமேலன்னு.

மிச்சம்னா என்னன்னு உனக்கு சொல்றேன், நீ உடனே புரிஞ்சுக்குவ. இனிமே சங்கம் அடிப்படை சம்பளத்தப் பத்தி மட்டும்தான் பேசலாம், லீவு, வேலை நேரம், வகுப்புல எத்தன பசங்க, பாதுகாப்பு எதப் பத்தியும் வாயத் தெறக்கக் கூடாது. அந்த சம்பளமும் விலைவாசி ஏறின அளவுக்கு மேல ஏறணும்னா ஊர் ஜனங்ககிட்ட ஓட்டெடுப்பு நடத்தணும். சம்பளத்துல சந்தா பிடிக்கறது கிடையாது, கையில வாங்கிக்கோ. இதுக்கெல்லாம் மேல, சங்கம் வேணுமா வேணாமான்னு வருஷா வருஷம் ஓட்டெடுப்பு, அதுல ஓட்டுப் போட்டவங்கள்ல பாதி இல்லக்கா, மொத்த ஊழியர்கள்ல 51 சதவீதம் வேணும். அதாவது அன்னிக்கு காய்ச்சல்ல வீட்ல படுத்திருந்தவ கூட சங்கம் வேணாம்னு சொன்ன கணக்கு. இந்தக் கணக்குல தேர்தல் நடத்தினா எந்த எம்எல்ஏ தேறுவாரு சொல்லு. போலீஸுக்கும் ஃபயர் சர்வீஸுக்கும் மட்டும் இதுல இருந்து விலக்கு, அது ஏன்னு நீயே யோசிச்சுக்கோ.

அதுவும் எந்த ஊர்ல? அரசு ஊழியருங்க சங்கமா சேர்ந்து சம்பளம், வேலை பத்தி பேரம் பேசலாம்னு 1959-லயே அமெரிக்காவுலயே முதல்ல சட்டம் போட்ட மாநிலம் இது. இந்த நாட்டோட பெரிய அரசு ஊழியர் சங்கங்கள்ல ஒன்னு 1932-ல பொறந்ததே இந்த மேடிசன்லதான்.

முதல்ல கிளம்பினது யுனிவர்சிட்டில படிச்சுக்கிட்டே பாடம் எடுக்கற பசங்களோட சங்கம். பிப்ரவரி 14 ஆச்சே, எங்க மனச உடைக்காதீங்க கவர்னரேன்னு வாலண்டைன்ஸ் டே கார்டா எழுதி எடுத்துட்டு கேபிடலுக்கு, அதான் இந்த மாநில சட்டசபைக் கட்டடத்துக்கு, நடந்து போனாங்க. மறுநாள் மசோதாவுக்கு கருத்து கேக்கற கூட்டம், ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பேசலாம், பேர் குடுத்தவங்க வரிசை ராத்திரியெல்லாம் நீண்டுட்டே போச்சு, காத்திருந்தவங்க அங்கயே படுத்துட்டாங்க, அப்படித்தான் அந்தக் கட்டடத்துல தங்கறது ஆரம்பிச்சது. புதன்கிழமை டீச்சருங்க அவ்ளோ பேர் லீவு சொன்னதால ஸ்கூலையே மூடிட்டாங்க. பாப்பாவோட டீச்சரும் போயிருந்தாங்க. இவரு "நாம விசாவுல இருக்கோம், நமக்கெதுக்கு வம்பு"ன்னாரு, நான் வேடிக்கை பார்க்கத்தானே போறேன்னு பாப்பாவ தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

கேபிடல் உள்ள போனதும் காதே அடைச்சுப்போச்சு. மேல அவ்ளோ பெரிய டோம், அடியில நட்டநடுவுல பெயிண்ட் பக்கெட்ட கவுத்துப்போட்டு பசங்க தாளம் போடறாங்க, "கில் த பில்", அதாவது மசோதாவ ஒழிச்சுக்கட்டுன்னு கத்தறது நாலு பக்கமும் மோதித் திரும்பி வருது. செவுரு பூரா கையால எழுதின அட்டை, அதையெல்லாம் நீல கலர் டேப்ல ஒட்டியிருக்காங்க, ஏன் எல்லாம் ஒரே டேப்னு கேட்டேன், வேற டேப்னா பளிங்குல கறை புடிக்கும், இது நம்ம கட்டடம் இல்லையான்னு ஒரு அம்மா சொன்னாங்க. ஆர்ப்பாட்டம் பண்ற எடத்துல பளிங்குக்கு கவலப்படறவங்கள நான் அங்கதான் பார்த்தேன். மாடிப்படி ஓரத்துல ஸ்லீப்பிங் பேக், ஒரு மூலையில சாப்பாடு. ஸ்டேட் ஸ்ட்ரீட்ல இயன்ஸ்னு ஒரு பீட்சா கடை, அங்க போன் பண்ணி "கூட்டத்துக்கு குடுங்க"ன்னு எங்கெங்கயோ இருந்து பணம் கட்டறாங்க, அமெரிக்காவோட 50 மாநிலத்துல இருந்தும் வந்துச்சு, எகிப்துல இருந்து கூட வந்துச்சு. அப்ப கெய்ரோவுல முபாரக் எறங்கி கொஞ்ச நாள்தான் ஆச்சு, அதனால எங்க பார்த்தாலும் எகிப்து பேச்சு. அப்புறம் ஃபயர் சர்வீஸ்காரங்க பேக்பைப் ஊதிக்கிட்டு வரிசையா உள்ள வந்தாங்க பாரு, சட்டம் அவங்கள தொடவே இல்ல, இருந்தும் வந்தாங்க, எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

பிப்ரவரி 17-ம் தேதி நடந்ததுதான் உச்சம். செனட்னா இங்க மேல்சபை, அதுல மொத்தம் 33 பேர், வாக்கர் கட்சி 19. பணம் சம்பந்தப்பட்ட மசோதான்னா 20 பேர் சபையில இருக்கணும். எதிர்க்கட்சியான டெமாக்ரட் 14 பேரும் ராவோட ராவா இல்ல, பட்டப்பகல்லயே கிளம்பி பக்கத்து மாநிலம் இல்லினாய்ஸுக்கு போயிட்டாங்க! அந்த எல்லைய தாண்டி இந்த ஊர் போலீஸ் புடிக்க முடியாது. நம்மூர்ல எம்எல்ஏக்கள கட்சிக்காரங்க ரிசார்ட்டுக்கு தூக்கிட்டுப் போவாங்க, இங்க அவங்களே போய் ஓட்டல்ல தங்கிட்டாங்க. அதுக்கு நடுவுல ஒருத்தன் டேவிட் கோக்னு ஒரு பெரிய பணக்காரர் பேர்ல கவர்னருக்கு போன் போட்டு ஏமாத்தி, அவர் 20 நிமிஷம் மனசு விட்டுப் பேச, டேப் வெளிய வந்துடுச்சு. கூட்டத்துல கலகம் பண்ண ஆள் அனுப்பலாமேன்னு அவன் தூண்டில் போட்டா, "அதையும் யோசிச்சோம்"ங்கறாரு கவர்னர். இதுக்கு மேல என்ன வேணும்னு எல்லாரும் நெனச்சாங்க.

ஒன்னும் ஆகல. மார்ச் 9-ம் தேதி சாயங்காலம் மசோதாவுல இருந்து பணம் சம்பந்தப்பட்டத மட்டும் பிச்சு எடுத்துட்டு, இப்ப 20 பேர் வேணாமேன்னு அவங்க கட்சி மட்டும் உக்காந்து 18-க்கு 1-னு நிறைவேத்திட்டாங்க. அந்த ஒருத்தரும் அவங்க கட்சிதான், டேல் ஷுல்ட்ஸ். 11-ம் தேதி கையெழுத்து. மறுநாள் 14 பேரும் திரும்பி வந்தப்ப விவசாயிங்க டிராக்டர்ல ஊர்வலம் வந்தாங்க, ஒரு லட்சத்துக்கு கிட்ட கூட்டம்னாங்க, நீ டிவியில பார்த்தது அதுவாத்தான் இருக்கும். ஆனா சட்டம் அதுக்கு முந்தின நாளே ஆயிடுச்சு.

அப்புறம்தான் இந்த ரீகால். பதவிக்கு வந்து ஒரு வருஷம் ஆயிட்டா, போன கவர்னர் தேர்தல்ல விழுந்த ஓட்டுல கால்வாசி கையெழுத்த 60 நாள்ல வாங்கினா, நடுவுலயே தேர்தல் வெச்சு எறக்கலாம். 5,40,208 கையெழுத்து போதும், நடுங்கற குளிர்ல தெருத்தெருவா நின்னு 9 லட்சத்துக்கு மேல வாங்கினாங்க. நம்மூர்ல அஞ்சு வருஷம் பல்ல கடிச்சுக்கிட்டு இருக்கணுமே, இது எவ்ளோ நல்லா இருக்குன்னு நான் இவர்கிட்ட அப்ப சொல்லிட்டே இருந்தேன். முடிவு உனக்குத் தெரியும், ஜூன் 5-ம் தேதி வாக்கர் 53 சதவீதம், மில்வாக்கி மேயர் டாம் பேரட் 46. 2010-லயும் இதே ரெண்டு பேர்தான், அப்பவும் ஏறக்குறைய இதே கணக்குதான். இவ்ளோ கூத்துக்கும் ஊசி நகரவே இல்ல. அமெரிக்காவுல ரீகால்ல தப்பிச்ச முதல் கவர்னர்ங்கற பேரும் அவருக்கே.

ஏன்னு கேட்ட இல்ல. பணம்னு சொல்றாங்க, அது நெஜம்தான், ரீகாலுக்கு ஆளானவர் கொஞ்ச நாள் வரைக்கும் எவ்ளோ நன்கொடை வேணா வாங்கலாம்னு இங்க ஒரு விதி, அதுல அவர் கிட்டத்தட்ட 3 கோடி டாலர் சேர்த்தாரு, எதிராளிகிட்ட அதுல கொஞ்சம்தான். ஆனா எனக்கென்னமோ பணம் மட்டும் இல்லன்னு தோணுது. எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை, பனி பேஞ்சா கேக்காமயே எங்க வாசலையும் சேர்த்து தள்ளிட்டுப் போவாரு, அவ்ளோ நல்ல மனுஷன். அவர் வீட்டு முன்னாடி வாக்கர் போர்டு. ஒருநாள் கேட்டே கேட்டுட்டேன். "எங்க கம்பெனியில பென்ஷன எடுத்து பல வருஷம் ஆச்சும்மா, இன்ஷூரன்ஸுக்கு நான் கட்டறத பார்த்தா 12.6 எல்லாம் எனக்கு கனவு, அன்னிக்கு எனக்காக யார் டிரம் அடிச்சா"ன்னாரு. எனக்கு பதில் வரல. சங்கம் இல்லாததாலதான் உங்களுக்கு அப்படி ஆச்சுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா அவர் சங்கத்துல இருந்தவர்தான், சங்கம் இருந்தும்தான் பென்ஷன் போயிருக்கு. அவர் வீட்டு மாதிரி வீடு நெறைய போலிருக்கு, சங்கத்துக்காரங்க வீட்டு ஓட்டுலயே 38 சதவீதம் வாக்கருக்குப் போச்சுன்னு வாக்குச்சாவடி வாசல்ல எடுத்த கருத்துக்கணிப்பு சொல்லுது. அதே கணிப்புல 60 சதவீதம் பேர், தப்புத்தண்டா பண்ணாதான் ரீகால் வெக்கணும், கொள்கை புடிக்கலன்னா அடுத்த தேர்தல் வரைக்கும் பொறுக்கணும்னு சொல்லியிருக்காங்க. அதாவது சட்டம் புடிக்காதவங்க கூட இந்த முறை புடிக்காம அவருக்குப் போட்டிருக்காங்க.

நீ 2003 ஞாபகத்துல கேக்கறன்னு எனக்குத் தெரியும். அப்ப ஸ்டிரைக் பண்ணதுக்கு ஜெயலலிதா அரசு ஒரே அடியா தூக்கினதுல ஒன்னே முக்கால் லட்சத்துக்கு கிட்ட பேருக்கு வேலை போச்சு, உன் பேரும் அந்த லிஸ்ட்ல, அம்மா அழுதது இன்னும் காதுல இருக்கு. அடுத்த வருஷமே லோக்சபா தேர்தல்ல அந்த அம்மா கட்சி 40-க்கு 40 தோத்துச்சு. அங்க கோபம் டீச்சர் வீட்டோட நிக்கல, பால்காரர், மளிகைக்காரர் வரைக்கும் உங்களுக்காக பேசினாங்க. இங்க வாக்கர் யாரையும் ஒரே நாள்ல வேலைய விட்டு தூக்கல. அதுதான் சாமர்த்தியம். சம்பளம் கொஞ்சம் கொறையுது, சங்கம் வருஷா வருஷம் தேயுது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்னுமே தெரியல, வரி ஏறலன்னு மட்டும்தான் தெரியுது. மேடிசன் ஊரு இருக்கே, அது தன்னத்தானே பார்த்துட்டு இருந்துச்சு, இங்க மூணுல ரெண்டு பங்குக்கு மேல பேரட்டுக்குத்தான் விழுந்துச்சு, ஆனா மில்வாக்கிக்கு மேற்கால வாகிஷான்னு ஒரு கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி, அங்க பத்துக்கு ஏழு பேர் வாக்கருக்கு. கேபிடல்ல அடிச்ச சத்தம் இங்க இருக்கறவங்களுக்கே கேட்டுட்டு இருந்திருக்கு.

ராசின்ங்கற ஊர்ல ஒரு செனட் சீட்டு டெமாக்ரட் பக்கம் வந்திருக்கு, அதுல சபையே அவங்க கைக்கு மாறும்ங்கறாங்க, ஆனா நவம்பர் தேர்தல் வரைக்கும் சபை கூடறதா இல்லையாம், சிரிக்கறதா அழறதான்னு தெரியல. கேபிடல்ல தினம் மத்தியானம் ஒரு மணிநேரம் இன்னும் சில பேர் நின்னு பாடிட்டுத்தான் இருக்காங்க, தோத்த மறுநாளும் பாடினாங்க.

பாப்பாவோட டீச்சர் இன்னும் ஸ்கூல்லதான் இருக்காங்க, ஆனா போன வருஷமே வயசான டீச்சருங்க நெறைய பேர் இருக்கற பென்ஷனாவது கைக்கு வரட்டும்னு முன்னாடியே ரிட்டயர் ஆயிட்டாங்க. இன்னும் ஓட்டெடுப்பு, சந்தா எல்லாம் எப்படி போகுதுன்னு அவங்ககிட்ட கேட்டு எழுதறேன், உங்க சங்கத்துல கையில சந்தா வாங்கின காலத்துல எப்படி சமாளிச்சீங்கன்னு நீ எனக்கு எழுது, அவங்களுக்கு சொல்லணும். இந்த ஊர்ல அது யாருக்கும் பழக்கமே இல்ல.

அம்மாவுக்கு முட்டி வலிக்கு டாக்டர் என்ன சொன்னாருன்னு மறக்காம எழுது. பாப்பா பெரியம்மாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னா.

உன் தங்கச்சி