குதிரையின் திறனை மறைத்துப் பணம் பெறுவது குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையக் குதிரைக் கண்காட்சி விளையாட்டு நிறுவனம்.

பொருள்: உள்ளார்ந்த திறனை முன்கூட்டியே காட்டாமை, குதிரையைத் தானாகவே மேல்நிலைக்கு ஏற்றுதல் – திருத்தமும் பணத்தைத் திருப்பித் தருதலும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் இணைய விளையாட்டில் பணம் செலுத்தித் திரையில் குதிரை வளர்த்து வருகிறேன். என் சொல்லைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் எங்கள் ஊரில் சிலர் இருப்பதால், அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுத வேண்டியிருக்கிறது.

தங்கள் விதிப்படி, ஒவ்வொரு குட்டிக்கும் தாய் தந்தையின் மரபைப் பொறுத்து உள்ளார்ந்த திறன் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நடை, பாய்ச்சல், சமநிலை, கீழ்ப்படிதல் ஆகியவற்றில் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் மதிப்பெண் அந்த வரம்பைத் தாண்டாது. இதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. வரம்பே இல்லாவிட்டால் நல்ல இணை தேடிக் குட்டி எடுப்பதற்குப் பொருளிருக்காது. ஆனால் அந்த வரம்பு எவ்வளவு என்பதைக் குட்டியை விற்கும்போது சொல்லாமல், பயிற்சிக் கட்டணம் முழுவதையும் வாங்கிய பிறகு சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையில்கூட, வாங்க வந்தவர் சுழி பார்த்து, பல்லைப் பார்த்து வயதைக் கணித்து, நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறார்.

என் செவலைப் பெட்டைக் குதிரையின் கதி இதற்குச் சான்று. தொடக்க நிலையிலும் மாவட்ட நிலையிலும் அது தொடர்ந்து பரிசு பெற்றது. புள்ளிகள் நிறைந்தவுடன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, அதை மாநில நிலைக்கும் பின்னர் தேசிய நிலைக்கும் ஏற்றிவிட்டீர்கள். அங்கே எதிரில் நிற்கும் குதிரைகள் யாவும் 900க்கு மேல் மதிப்பெண் உள்ளவை. என் குதிரையின் வரம்போ 640. வெற்றியைப் பெரும்பாலும் பயிற்சி மதிப்பெண்ணே தீர்மானிப்பதால், எத்தனை முறை இறக்கினாலும் அது கடைசியில்தான் வரும். நுழைவுக் கட்டணம் மட்டும் நிலைக்கு நிலை கூடுகிறது. மாவட்ட நிலைக்குத் திரும்பவும் வழியில்லை. இவை எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது ஒன்றுண்டு. கீழ்ப்படிதலுக்கான மதிப்பெண்ணைத் திரையில் காட்டும் பட்டை 640இல் நிரம்பி நின்ற பிறகும் பயிற்சிப் பொத்தான் அணையவில்லை; அழுத்தினால் நாணயம் கழிகிறது, மதிப்பெண் அசையவில்லை. பலன் தராது என்று நிறுவனத்துக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பணம் பெறுவதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

உண்மையான டிரஸ்ஸாஜ் (குதிரையின் நடையையும் கீழ்ப்படிதலையும் சோதிக்கும் சவாரி விளையாட்டு) போட்டிகளில் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, நடுவரின் குறிப்புகளோடு அந்தத் தாளைச் சவாரியாளரிடம் கொடுக்கிறார்கள். குதிரை அடுத்த நிலைக்குத் தயாரா என்பதைத் தகுதி வரம்புக்கு உட்பட்டு உரிமையாளரும் பயிற்சியாளரும் முடிவு செய்கிறார்கள். அந்த விளையாட்டின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யும் தாங்கள் இந்த அடிப்படையையாவது பின்பற்றியிருக்கலாம்.

இது பற்றி முன்பு எழுதியபோது, “விளையாட்டின் வடிவமைப்பே அவ்வாறுதான்” என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. அது விளக்கமாகாது.

ஆகவே, குட்டியை விற்கும் பக்கத்திலேயே அதன் திறன் வரம்பைக் காட்ட வேண்டும் என்றும், மேல்நிலைக்குச் செல்வதை உரிமையாளரின் ஒப்புதலுக்கு விட வேண்டும் என்றும், என் குதிரையை மாவட்ட நிலைக்குத் திருப்பி, பட்டை நிரம்பிய பின் கழித்த பயிற்சிக் கட்டணத்தைத் திரும்பத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்குமாறு சொல்கின்றன. அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதால், பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

கட்டண ரசீதுகளையும் பயிற்சிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.