நடக்கத் தடையாகும் மருத்துவமனை அங்கி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் 64 வயதான என் தாயாருக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலையிலேயே, வராந்தாவில் சற்று நடக்கும்படி மருத்துவர் சொல்லிச் சென்றார். ஆனால் அம்மா அணிந்திருந்ததோ, முதுகுப்புறம் இரண்டு நாடாக்களால் மட்டும் கட்டப்பட்ட மருத்துவமனை அங்கி. ஆணும் பெண்ணும் போய்வரும் இடத்தில் அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி நடக்கக் கூசி, வலிக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் கட்டிலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள், செவிலியரின் அனுமதியோடு, முன்புறம் பொத்தான் வைத்த அவருடைய பருத்தி நைட்டியையும் தோளில் போட்டுக்கொள்ள ஒரு துண்டையும் கொடுத்தோம். அன்று மாலையே வாசலில் இருக்கும் பிள்ளையார் வரை போய்வந்தார். வலி முன்பு போலத்தான் இருந்தது என்பதைப் பிறகு சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

உடை புண்ணை ஆற்றாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அறுவைக்குப் பின் படுத்தே கிடந்தால் கால் சிரைகளில் ரத்தம் உறையலாம், நுரையீரலில் சளி தேங்கலாம், குடல் இயக்கம் மந்தமாகலாம், முதியவர்களுக்குத் தசை வலுவும் விரைவில் குன்றும். டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் வகுத்த விரைவு மீட்பு முறையில், சீக்கிரமே எழுந்து நடப்பது முக்கிய அங்கமாக இருப்பது இதனால்தான். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில், நோயாளிகளை எழுப்பிச் சொந்த உடை உடுத்தி நடமாடச் செய்வதற்காக, செவிலியர் துறையைச் சேர்ந்த பிரையன் டோலன் தொடங்கிய இயக்கம் 2018-இல் 70 நாள் அறைகூவலாகவே நடந்தது.

அறுவை அரங்கிலும், சிறுநீர்க் குழாயும் வடிகுழாயும் இருக்கும் வரையிலும் அங்கி தேவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. (நான் பார்த்த அரசு மருத்துவமனை வார்டுகளில் பலர் சொந்தச் சேலையிலும் கைலியிலும்தான் இருந்தார்கள்; இந்த ஒன்றிலாவது அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.) குழாய்களை எடுத்த பின்னரும் சீருடையை வற்புறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணம் தொற்று அச்சம் என்றால், தினமும் துவைத்த உடையை மாற்றச் சொன்னால் போதாதா? வயிற்றில் தையல் உள்ளவர்களுக்குப் பாவாடை நாடாவும் இறுக்கமான இடுப்புப்பட்டியும் ஆகாது, தளர்வான, முன்புறம் திறக்கும் பருத்தி உடை இரண்டு கொண்டு வாருங்கள் என்று அனுமதிச் சீட்டிலேயே அச்சிட்டுத் தருமாறு மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.