இரண்டு எலிகளையும் ஒன்றாக்காதீர்கள்

போர் அருங்காட்சியகங்களில் விளக்கப் பலகை எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். 'பாலைவன எலிகள்: டோப்ருக்கைக் காத்த ஆஸ்திரேலியர்' என்று ஒரு பலகை, பக்கத்திலேயே ஜெர்போவா என்னும் பாலைவனத் தாவும் எலியின் சின்னம். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு ஜெர்போவா, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் 7ஆவது கவசப் படைப்பிரிவின் சின்னம்; 'பாலைவன எலிகள்' என்பதும் அவர்களின் பெயர்தான். எகிப்தில் இருந்தபோது அவர்களே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது. டோப்ருக் கதை வேறு. 1941 ஏப்ரலில் ஜெர்மன் தளபதி ரோமலின் படை லிபியாவின் அந்தத் துறைமுகத்தைச் சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தவர்கள் பதுங்குகுழிகளில் கிடந்தே சண்டை போட்டார்கள். பொறியில் சிக்கிய எலிகள் என்று ஜெர்மன் வானொலி ஏளனம் செய்தது. அந்த வசவையே அவர்கள் 'டோப்ருக் எலிகள்' என்று பட்டமாக்கிக்கொண்டார்கள். விழுந்த ஜெர்மன் விமானத்தின் உலோகத்தை வெட்டி, எலி உருவத்தோடு தாங்களே பதக்கம் செய்து வைத்துக்கொண்டார்கள். இத்தனை வீம்பும் உங்கள் பலகையில் ஒரு வரியில் காணாமல் போய்விட்டது.

முற்றுகை 241 நாள். அக்டோபருக்குள் ஆஸ்திரேலியர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட, பிரிட்டிஷ் 70ஆவது படைப்பிரிவும் போலந்துப் படையும் இடத்தைப் பிடித்தன. இந்தியாவின் 18ஆவது குதிரைப்படையும் அங்கே காவல் நின்றது. பெயர் அப்படி, ஆனால் அவர்களிடம் குதிரை இல்லை. அவர்களுக்கும் ஒரு வரி கொடுங்கள்.

அப்புறம் அந்தப் பிராணி. "ஏம்ப்பா இது ரெண்டு காலில் நிக்குது?" என்று மகள் கேட்டாள். பலகையில் பதில் இல்லை, நான்தான் சொன்னேன். ஜெர்போவாவின் உடம்பு கையளவுதான், வால் அதைவிட நீளம், நுனியில் ஒரு குஞ்சம். முன்கால்கள் மார்போடு ஒட்டிக்கொள்ளும். பின்கால்கள் மட்டும் கொக்குக்கால் மாதிரி. பாதத்தின் அடியில் முடி இருப்பதால் மணலில் புதையாது. துரத்தினால் நேராக ஓடாமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தாவும். பகல் வெயிலில் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே படுத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்காமலே விதையிலும் செடியிலும் உள்ள ஈரத்தில் பிழைக்கும். பெட்ரோலுக்கும் குடிநீருக்கும் அல்லாடிய படைக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் எங்கே கிடைக்கும்?

தயவுசெய்து பலகையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். சின்னத்துக்குக் கீழே, பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், ஒரு ஜெர்போவா பொம்மையை அதன் உண்மையான அளவிலேயே செய்து வையுங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்