தங்கச்சியின் விஷயமாக

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் தாமரைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மழை தொடங்கிவிட்டது, நிலாவெளிப் பக்கம் கடல் கொந்தளிப்பாம், மீன் விலை கேட்கவே வேண்டாம். மற்றக் கதைகள் பிறகு.

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்து, ஹோர்மோனைத் தடுக்கும் தமொக்சிஃபென் குளிசையோடு இருக்கிற தங்கச்சியிடம் "எப்ப விசேஷம்?" என்று மாமி நச்சரிக்கிறா. "உயிர் தப்பினதே போதும், பிள்ளை ஆசையை விடு" என்கிறார்கள் உங்கட ஆட்கள். அவளுக்கு என்ன வேணும் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே, தாமரை! நீயாவது கேள்.

மாதவிடாய் திரும்பி வந்தது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பாதே. சைக்ளோபொஸ்பமைட் போன்ற கீமோ மருந்துகள் சூலகத்திலுள்ள முட்டைகளைக் குறைத்துவிடும். மாதாமாதம் ஒழுங்காக வந்தாலும் முட்டைக் கையிருப்பு குறைந்திருக்கலாம். ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை அதை ஓரளவு காட்டும். மறுவளமாக, மாதவிடாய் நின்றவளுக்கும் கரு தங்கக்கூடும். பிரசவ வார்டில் நின்ற காலத்தில், "இனித் தங்காது" என்று நம்பியிருந்து திகைத்துப்போய் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். தமொக்சிஃபென் எடுக்கையில் தங்கினால் சிசுவுக்கு ஆபத்து. ஆகவே இப்போதைக்குக் கருத்தடை கட்டாயம். மார்புப் புற்றுநோய் வந்தவளுக்கு ஹோர்மோன் உள்ள மாத்திரை, ஊசி இரண்டும் வேண்டாம். செப்பு லூப் அல்லது ஆணுறைதான். மருத்துவமாதுவிடம் நோயை மறைக்காமல் சொல்லச் சொல்லு.

இனி, குளிசையை இடையில் நிறுத்திப் பிள்ளை பெறலாமா என்று அவள் ஆசைப்பட்டுக் கேட்கிற விஷயம். 2023இல் 'பொசிட்டிவ்' என்ற ஆய்வு வெளிவந்தது. மார்புப் புற்றுநோய் வந்த, 42 வயதுக்கு மேற்படாத ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள், தமொக்சிஃபென் போன்ற ஹோர்மோன் தடுப்புச் சிகிச்சையை 18 முதல் 30 மாதம் எடுத்தபின், இரண்டு வருடம் வரை அதை நிறுத்திக் கருத்தரிக்க முயன்றார்கள். நால்வரில் மூவருக்குக் கிட்டக் கரு தங்கியது. அவர்களைக் கண்காணித்த சுமார் மூன்றரை வருடத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்டகால முடிவு இன்னும் வரவேணும், அதையும் அவள் அறிந்திருக்கட்டும். குளிசையைத் தானாக நிறுத்தக்கூடாது. டொக்டரோடு பேசித்தான் நிறுத்த வேணும், மருந்து உடம்பைவிட்டுப் போகச் சில மாதம் பொறுக்க வேணும், பிள்ளை பிறந்தபின் திரும்பத் தொடங்க வேணும். பழைய கீமோவால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று மாமி சொல்வதற்கு ஆதாரமில்லை.

குளிசை தொடங்கிய திகதி கிளினிக் கொப்பியில் இருக்கும். எத்தனை மாதம் ஆயிற்று என்று பார்க்க, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. டொக்டரிடம் கேட்க வேண்டியவற்றை நானே அவளுக்கு எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
வசந்தி