மாத்திரை விழுங்க வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மலேசியா, சுங்கை சிப்புட்டில் என்னைத் தெரிந்த எல்லாருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை டிபி என்கிற காசநோய்க்கான கடைசி மாத்திரையையும் போட்டுவிட்டேன். 18 மாதம். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரிந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பு. முதல் தடவை டிபி வந்தபோது 6 மாதம் சாப்பிட வேண்டிய மருந்தை மூன்றாம் மாதமே விட்டேன். இருமல் நின்றிருந்தது. செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு ஒரு காலை கிளினிக்கில் போனால் அன்றைய சம்பளமும் போச்சு. மறு வருஷம் இருமல் திரும்பியது. ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு மாதம் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அரசு கிளினிக்கில் சளியை வாங்கி ஜீன்எக்ஸ்பெர்ட் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியிடம் எடுபடாது என்று தெரிந்தது. சில வாரம் கழித்து, கிருமியை வளர்த்துப் பார்த்து வந்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஐசோனியசிட்டும் கைவிட்டது. டிபியை அடிக்கிற முக்கியமான மருந்துகளே இந்த இரண்டும்தான்.

ஈப்போ பெரிய மருத்துவமனை டாக்டர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். முன்பெல்லாம் இதற்கு மாதக்கணக்கில் ஊசி, அதில் காது கேட்காமல் போனவர்களும் உண்டாம். எனக்கு ஊசி இல்லை: பெடாகுவிலின், லினசோலிட், லெவோஃப்ளாக்சசின், குளோஃபாசிமின், சைக்ளோசெரின், எல்லாம் மாத்திரை. பெடாகுவிலின் இதயத் துடிப்பைக் கொஞ்சம் மாற்றும் என்பதால் அடிக்கடி இசிஜி எடுத்தார். ஒரு காசு கேட்கவில்லை. குளோஃபாசிமினால் முகம் கறுத்துப்போனது. "என்ன, வெயிலில் காய்ந்துவிட்டாயா?" என்று கேட்டவர்களுக்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன்.

ஆனால் முதல் நன்றி நம் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிக்குத்தான். தினமும் காலையில் என் முன்னால் நின்று, "டெலான், அங்கிள்" என்பார், விழுங்கச் சொல்லி. விழுங்கியதும் "புக்கா மூலுட்", வாயைத் திற என்று. நாக்குக்கு அடியிலும் பார்ப்பார். ஆரம்பத்தில் கோபமாக வந்தது, ஐம்பது வயது ஆளை சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறாரே என்று. ஒரு நாள் பசியாறாமல் போய்விட்டேன். பெடாகுவிலினை வெறும் வயிற்றில் போடக் கூடாது. நோன்பு மாதம் அது, அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தார். அதற்குப் பிறகு நான் எரிச்சல்படவில்லை.

வீட்டில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்ல ஒரு நாள் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கே வந்தார். என் டம்ளரில் நானே சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருந்தேன், பிள்ளைகள் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கிருமி காற்றில்தான் வரும், டம்ளரில் வராது. முதலில் ஜன்னலைத் திறங்கள்" என்றார். பல வருஷமாக மூடியே கிடந்த ஜன்னல் அது. என் மனைவி அன்றே திறந்தாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. கோடு இன்னும் அழியவில்லை.

லினசோலிட்டால் பாதம் மரத்துப் போனபோது, குலை வெட்டப் போக வேண்டாம் என்று நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிட்ட மேற்பார்வை மண்டோர் அண்ணனுக்கும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோ பாரத்தை நிரப்பிக் கொடுத்த, கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பெண்ணுக்கும், கடன் புத்தகத்தை மூடாத கடைக்காரத் தௌக்கேவுக்கும் நன்றி. கோயில் திருவிழாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்கும். எழுந்து போனவர்கள் மேல் வருத்தம் இல்லை, பயம் எனக்கும் இருந்ததுதான்.

வரும் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. எல்லாரும் வந்துவிடுங்கள். மிஸ்ஸி குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார், கோழியை ஹலால் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.