கூட்டமும் புழுக்கமும்: பாக்டீரியாக்கள் 'பேசுவது' பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில், பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இத்தகைய பொருளைத் தமிழில் எழுத முன்வந்தமைக்கு நன்றி. ஆயினும், பாக்டீரியாக்கள் ஆள் சேர்ந்ததும் கலந்து பேசித் தாக்குதலுக்கு நாள் குறிக்கின்றன என்பது போல் கட்டுரை சொல்லிச் செல்வது, நடப்பதை வேறொன்றாகக் காட்டிவிடுகிறது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் செபராங் பிறையில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவன். புண்ணிலிருந்து எடுத்த சீழில் இருக்கும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவை ஊட்டநீரில் வளர்க்கும்போது, முதலில் நீர் வெறுமனே கலங்கும். நிறம் ஏதும் வராது. கலங்கல் நன்றாகத் தடித்த பிறகுதான் நீலப்பச்சை ஏறும். கூடவே திராட்சையைப் போன்ற ஓர் இனிய மணமும் எழும். சோதனை முடிவு வருமுன்னரே அந்த மணத்தைக் கொண்டு இன்ன கிருமி என்று நாங்கள் சொல்லிவிடுவதுண்டு. (முகர்ந்து பார்ப்பது பாதுகாப்பு விதிக்குப் புறம்பானது, ஆனால் தானாக மூக்கில் ஏறும் மணத்தை என்ன செய்வது?) நிறம் ஏன் அவ்வளவு தாமதித்து வருகிறது என்று பணியில் இருந்த காலத்தில் ஒருநாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை. ஓய்வுபெற்ற பின் வாசித்துத்தான் காரணத்தை அறிந்தேன்.

ஒவ்வொரு பாக்டீரியாவும் தான் உண்டாக்கும் ஒரு சிறு வேதிப்பொருளை ஓயாமல் வெளியே கசியவிடுகிறது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அது நீரில் கலைந்து போகிறது. நெருக்கம் கூடக்கூட அப்பொருள் சுற்றிலும் தேங்கி, ஒரு வரம்பைத் தாண்டியதும் உயிரணுவின் ஒரு புரதத்தோடு இணைந்து, அதுவரை அடங்கியிருந்த மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பல இனங்களில், அவ்வேதிப்பொருளை உண்டாக்கும் மரபணுவும் அவற்றுள் ஒன்றாக இருப்பதால், கசிவு மேலும் பெருகி, கூட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் மாறிவிடுகிறது.

1994-இல் இதற்குப் பெயரிட்டவர்கள், கூட்டம் நடத்தத் தேவைப்படும் குறைந்தபட்ச எண்ணிக்கையைக் குறிக்கும் 'கோரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கோரம் சேரவில்லை என்று அரை மணி நேரம் காத்திருக்கும் வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். அங்கே செயலாளர் தலைகளை எண்ணுகிறார். பாக்டீரியாக்களிடையே அப்படியொரு செயலாளர் இல்லை. மண்டபத்தில் புழுக்கம் ஏறியதை வைத்து, கூட்டம் சேர்ந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவுசெய்வதற்கு ஒப்பானது அது. சன்னல்களைத் திறந்துவிட்டால் நிறைந்த கூட்டத்திலும் புழுக்கம் தெரியாது. சிறிய அறையின் கதவை அடைத்தால் நான்கு பேருக்கே வேர்த்துவிடும். ஓடும் நீரில் பாக்டீரியாக்கள் பெருகியும் அடங்கியிருப்பதும், மிகச் சிறிய துளிக்குள் அடைபட்ட ஓரிரு உயிரணுக்களே முடுக்கம் பெறுவதும் இதனால்தான். அவை உண்மையில் அளப்பது எண்ணிக்கையையா, வெளியேறும் பொருள் எவ்வளவு விரைவாகப் பரவிப் போகிறது என்பதையா என்று கனடாவின் ரோஸ்மேரி ரெட்ஃபீல்டு 2002-இல் எழுப்பிய கேள்வி, கட்டுரையில் ஒரு வரியாவது பெற்றிருக்க வேண்டும்.

இதைச் சில ஆண்டுகளுக்கு முன் வந்த கண்டுபிடிப்பு என்று எழுதியிருப்பதும் சரியன்று. நிமோனியாக் கிருமிகளிடம் இத்தகைய வேதிச் சைகை இருப்பதை அலெக்சாண்டர் டோமாஸ் 1965-இலேயே அறிவித்தார். ஒளிரும் கடல் பாக்டீரியாக்கள் வளர்ந்து முதிர்ந்த ஊட்டநீரைப் புதிய வளர்ப்பில் சேர்த்தால், ஒளி வழக்கத்துக்கு முன்னதாகவே வருவதைக் கென்னத் நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் அவர்களுடைய சகாவும் 1970-இல் காட்டினார்கள். விப்ரியோ ஃபிஷெரி என்ற அந்த இனம், ஹவாய்க் கடலில் வாழும் ஒரு சிறு கணவாயின், அதாவது நாம் இங்கே சோத்தோங் என்று வாங்குவதன் உறவினம் ஒன்றின், உடலில் குடியிருக்கிறது. விரிந்த கடலில் ஒளிராத அது, கணவாயின் ஒளியுறுப்புக்குள் அடைபட்டு நெருங்கியதும் ஒளிர்கிறது. இரவில் நிலவொளியோடு ஒத்துப்போகும் அவ்வொளியால் கணவாயின் நிழல் கீழே உள்ள மீன்களுக்குத் தெரிவதில்லை. விடியும்போது கணவாய் பெரும்பகுதி பாக்டீரியாக்களை வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சியவை மறுபடி பெருகி அந்திக்குள் உறுப்பை நிரப்புகின்றன.

மிக முக்கியமான பிழை, நெருக்கம் கூடினால் எல்லாக் கிருமிகளும் தாக்கும் என்ற வரி. காலராவை உண்டாக்கும் விப்ரியோ அதற்கு நேர்மாறாக நடக்கிறது. குறைவாக இருக்கும்போது அது குடலில் ஒட்டிக்கொண்டு நச்சுப்பொருளை உண்டாக்கும். நெருக்கம் கூடியதும் அவற்றை நிறுத்திக்கொண்டு, வெளியேறி வேறு உடலைத் தேடும் நிலைக்கு மாறும். ஆகவே அக்கிருமியின் சைகையை அடக்கும் மருந்து நோயைக் கூட்டவும் இடமுண்டு.

இச்சைகையை அழித்து நோயைத் தடுக்கும் வழியும் கற்பனையன்று. அண்டை நாடான சிங்கப்பூரின் ஆய்வாளர்கள், மண்ணில் வாழும் பேசில்லஸ் இனத்திலிருந்து இச்சைகையைச் சிதைக்கும் ஒரு நொதியின் மரபணுவைப் பிரித்தெடுத்து, அதை உருளைக்கிழங்குச் செடியிலும் புகையிலையிலும் புகுத்தியபோது, அவை அழுகல் நோயைத் தாங்கியதாக 2001-இல் வெளியிட்டார்கள். நிபோங் திபால் பக்கத்தில் இறால் வளர்ப்போர் இதைக் கவனித்து வரலாம். இறால் குஞ்சுகளைத் தாக்கும் ஒளிர் விப்ரியோவும் இத்தகைய சைகைகளையே பயன்படுத்துகிறது. ஆனால் மனிதருக்கு 'நுண்ணுயிர்க்கொல்லிகளின் காலம் முடிந்தது' என்று கட்டுரை முடித்திருப்பது வாசகரைத் தவறான நம்பிக்கைக்குத் தள்ளும். மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துவோர் நம்மிடையே ஏற்கெனவே போதிய அளவில் இருக்கிறார்கள்.

கட்டுரை அடுத்த வாரமும் தொடரும் என்று குறித்திருப்பதால், எல்லாக் கிருமிகளும் தாக்கும் என்ற வரியையும் இறுதி வாக்கியத்தையும் அதில் திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.